தங்கச்சி கல்யாணத்துக்குக் கையால செய்யுற காகிதப் பொருட்கள்: 600 பேர், 70 நாள், யோசனை சொல்லுங்க

வளவுக்கோலம் (பள்ளத்தூர்) | நவம்பர் 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். தை மாசம் எங்க தங்கச்சிக்குக் கல்யாணம். மண்டபம் வேண்டாம், ஐயா (எங்க தாத்தா) வளர்ந்த செட்டிநாட்டு வீட்டுலயே திருப்பூட்டணும்னு, அதாவது தாலி கட்டணும்னு, அவ ஒரே பிடியா நின்னுட்டா. பத்து வருஷத்துக்கு மேல பூட்டிக் கிடந்த வீடு. இப்ப சுண்ணாம்பு அடிச்சு, தூணெல்லாம் துடைச்சு, உடைஞ்ச ஓடுகளை மாத்திக்கிட்டு இருக்கோம்.

எனக்குக் காகித வேலைன்னா சின்ன வயசுலேருந்து உசிரு. குயிலிங் (காகிதப் பட்டையைச் சுருட்டி ஒட்டுறது) நல்லா வரும், ஓரிகாமி (காகிதத்தை மடிச்சு உருவம் செய்யுறது) ஓரளவு வரும். வர்ற ஒவ்வொருத்தர் கையிலயும் நாங்க செஞ்ச ஏதாவது ஒண்ணு போய்ச் சேரணும்னு ஆசை. பத்திரிகை உறை, மொய் கவர், தாம்பூலப் பை, சீர்சாமான் பரப்புற இடத்துல வைக்கப் பேர் அட்டை, வளவுக்கு (வீட்டு நடுமுற்றம்) தோரணம், ஊருக்குத் திரும்புறப்ப எடுத்துட்டுப் போக ஒரு ஞாபகப் பொருள். வர்றவங்க 600 பேர். செய்ய நாங்க ஆறு பேரு. இருக்குறது 70 நாள்.

இன்னொண்ணு. மேல்மாடியைச் சுத்தம் பண்ணுறப்ப ரெண்டு தகரப் பெட்டி கிடைச்சுது. ஒண்ணைத் திறந்தோம், இன்னொண்ணு பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. திறந்ததுல முழுக்கக் காகிதம். ரங்கூன்லேருந்து வந்த கடுதாசிகள், தந்தி, சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகள் (கணக்குப் புத்தகம்), ஐயாவோட தங்கச்சி கல்யாணப் பத்திரிகை கூட இருக்கு. அத்தை மகன் பாத்துட்டு, "இதையே வெட்டிப் பூவும் கூம்பும் செஞ்சா பழமையா எவ்வளவு அழகா இருக்கும்"ங்கிறான். இன்ஸ்டாகிராம்ல அப்படிப் படம் நிறைய வருது, எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா கத்தரிக்கோலை எடுத்தா கை ஓட மாட்டேங்குது. என்ன செய்யலாம்?

காகித டீச்சர் (கோட்டையூர்) | நவம்பர் 14, இரவு 10.25

முதல்ல நேரத்தைக் கணக்குப் போட்டுக்கங்க. இருபது வருஷமாப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுக்கிறேன், எல்லாரும் சறுக்குற இடம் இதுதான்.

நடுவீட்டுக் கோலம் மாதிரி ஒரு குயிலிங் அட்டை செய்யக் கைதேர்ந்தவங்களுக்கே 25 நிமிஷம் ஆகும். 600 அட்டைன்னா 15,000 நிமிஷம், அதாவது 250 மணி நேரம். ஆறு பேர் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு 42 மணி நேரம். கல்யாண வீட்டுல யாருக்கு அவ்வளவு பொழுது இருக்கும்? அதே சமயம், மடிச்சு ஒட்டுற மொய் கவர் ஒண்ணுக்கு 3 நிமிஷம். 600 கவருக்கு 30 மணி நேரம், ஆளுக்கு 5 மணி. ரெண்டு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சுடும்.

அதனால நுணுக்கமான வேலையைச் சீர்சாமான் அட்டையோட நிறுத்திக்கங்க. அது அறுபது அட்டைக்கு மேல வராது. எல்லாரும் நின்னு நிதானமாப் பாக்குற இடமும் அதுதான். 3 மில்லிமீட்டர் பட்டையில செய்யுங்க, 5 மில்லிமீட்டர் கோலத்துக்குத் தடிப்பாத் தெரியும். அட்டைக்கு 250 ஜி.எஸ்.எம்.க்கு (தாளோட கனத்தைச் சொல்ற அளவு) குறையாமப் பாருங்க, பசை ஈரத்துல வளையாது.

நடுவீட்டுக் கோலத்துக்கு அரிசிமாவு இழை ஒரே சீரா ஓடணும். குயிலிங்ல அந்த இழை நிமிர்ந்து நிக்கும். விளக்கு வெளிச்சம் பக்கத்துலேருந்து விழுந்தா நிழலே இன்னொரு கோலம் போட்ட மாதிரி இருக்கும். என் வகுப்புல அதைப் பாத்து ஒரு பொண்ணு கைதட்டிச்சு. செய்யுங்க, நல்லா வரும்.

கடல்தாண்டி (சிங்கப்பூர்) | நவம்பர் 15, காலை 6.10

நான் வேறு கருத்து சொல்கிறேன். என் கல்யாணத்தில் பழைய கணக்குப் புத்தகத்தின் தாள்களைக் கூம்பாகச் சுற்றி, அதில் பூ நிரப்பிக் கொடுத்தோம். வந்தவர்கள் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். சிலர் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பெட்டியில் கிடந்தால் கரையானுக்குத்தானே போகும்? நூறு பேர் கையில் போய்ச் சேர்ந்தால் நூறு இடத்தில் வாழும். எங்கள் காரைக்குடி வீடு பாகம் பிரிந்து போனபின் எங்களுக்கு மிஞ்சியது அந்த ஒரு புத்தகம்தான். அதை எல்லோரோடும் பகிர்ந்துகொண்டதாகவே நினைத்தேன்.

கண்டாங்கி (தேவகோட்டை) | நவம்பர் 15, காலை 11.30

ஆத்தா, வெட்டாதே. கை ஓட மாட்டேங்குதுன்னு நீயே சொல்லிட்டியே, அந்தக் கை சரியாத்தான் சொல்லுது.

சிங்கப்பூர்த் தம்பி மனசு நோகக் கூடாது, அவர் பாசத்துலதான் செஞ்சிருக்கார். ஆனா எனக்கு நடந்ததைச் சொல்லணும். எங்க மாமியார் வீட்டுப் பாகப்பிரிவினையில, பெட்டகத்து அடியில கிடந்த ஏடும் காகிதமும் யாருக்கும் வேண்டாம்னு எடைக்குப் போட்டுட்டாங்க. நான் அப்பக் கைப்பிள்ளைக்காரி, வாய் திறக்கலை. அதுல எங்க வீட்டு நாலு தலைமுறை இசைகுடிமானம் இருந்துச்சு. வெளியூர்ல இருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்றேன்: நம்ம நகரத்தார் கல்யாணத்துல ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் சம்மதிச்சு எழுதிக்கிற பத்திரம்தான் இசைகுடிமானம். முன்னே பனை ஓலையில எழுதினாங்க, இப்பக் காகிதத்துல எழுதுறோம். மாப்பிள்ளை எந்த ஊரு, யாரு பேரன், எந்தக் கோயில், எல்லாம் அதுல வரும். என் பேத்தி எங்க பூட்டன் பேரு என்னன்னு கேட்டப்ப எனக்குச் சொல்லத் தெரியலை. எடைக்குப் போன காகிதத்துல அந்தப் பேரு இருந்துச்சு.

கடுதாசியில எழுதினவன் யாருக்கு எழுதினான்னு பாரு. ரங்கூன்லேருந்து வீட்டுக்காரம்மாவுக்கு எழுதினதை, தாம்பூலம் வாங்க வந்தவங்க கையில பிச்சுப் பிச்சுக் கொடுக்கலாமா? உக்காந்து படிங்க முதல்ல.

அப்புறம் ஒரு சந்தேகம், யாராவது சொல்லுங்க. காகிதப் பூ, காகித மாலை கல்யாணத்துல வைக்கலாமா? எங்க காலத்துல வாடுனாலும் நிஜப் பூதான்.

தையல்கட்டு (காரைக்குடி) | நவம்பர் 15, மதியம் 2.50

ஆச்சி சொன்னதுக்கு மேல சொல்ல எனக்கு என்ன இருக்கு. புத்தகம் கட்டுற தொழில்ல எங்க அப்பாவுக்குப் பின்னால நான் பாக்குறேன், அதனால காகிதம் பத்தி மட்டும் சொல்றேன்.

தங்கச்சி, அந்தக் காகிதத்தை வெட்டிப் பூ செஞ்சாலும் நிக்காது. பழைய பேரேட்டுல கடுக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சின மை இருக்கலாம். அதுல இரும்பு இருக்கு, வருஷம் போகப் போகக் காகிதத்தை அரிக்கும். எழுத்து இருந்த இடத்துல ஓட்டையா இருந்தா அதுதான் காரணம். அப்படிப்பட்ட தாளை மடிச்சீங்கன்னா மடிப்புலயே ஒடியும். மரக்கூழ்க் காகிதமா இருந்தா பழுப்பேறி அப்பளம் மாதிரி நொறுங்கும். அதுல தின்பண்டத்தை மட்டும் சுத்திக் கொடுத்துடாதீங்க, மையும் தூசியும் வயித்துக்குள்ள போகும்.

அந்த அழகு வேணும்னா வழி இருக்கு. நல்ல ஸ்கேனர்ல, இருக்கிற அளவுக்கே அச்சடிக்கணும்னா 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளின்னு கணக்கு), பெருசாக்கணும்னா 600 டி.பி.ஐ. வச்சுப் படம் எடுங்க. பேரேட்டைக் கவுத்துப் போட்டு அமுக்காதீங்க, முதுகு விட்டுரும். மேலேருந்து கேமராவுல எடுங்க. அந்தப் படத்தைப் புதுத்தாள்ல அச்சடிச்சு வெட்டுங்க, எத்தனை வேணும்னாலும் வெட்டலாம். கடுதாசியில சொந்த விஷயம் இருக்கிற பக்கத்தை விட்டுட்டு, கணக்குப் பக்கத்தை எடுத்துக்கங்க. அசல்ல செலோடேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் போடாதீங்க. ரெண்டையும் தாள் சேதமாகாமத் திருப்பி எடுக்குறது ரொம்பக் கஷ்டம். கிழிஞ்ச கடுதாசிக்கு லேமினேஷன் போட்டுக் கொண்டாந்து, "இதைப் பிரிச்சுக் கொடுங்கண்ணே"ன்னு நின்னவங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கேன். மனசு கேக்காது.

நெட்டிமாலை (தஞ்சாவூர்) | நவம்பர் 15, மாலை 5.05

கண்டாங்கி அம்மா கேட்டதற்கு: எங்கள் பக்கம் காகித மாலைக்குப் பதில் நெட்டி மாலை போடுவோம். குளத்தில் விளையும் நெட்டித் தண்டின் வெள்ளைச் சோற்றைச் சீவிச் செய்வது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியிலிருந்து வந்தது என்பதால் பெரியவர்கள் மறுப்பதில்லை.

கண்டாங்கி (தேவகோட்டை) | நவம்பர் 15, மாலை 6.20

நல்லது. ஆனா மணமக்கள் கழுத்துல விழறது கோயில் மாலையாத்தான் இருக்கணும். ரெண்டு பேர் நகரக்கோயில்லேருந்தும் (நகரத்தார் குலக்கோயில்) மாலை வந்தாத்தான் நம்ம கல்யாணம் கல்யாணம். அதுக்குக் கிட்ட காகிதம் போகக் கூடாது. வாசல்லயும் வளவுலயும் கட்டிக்கோ ஆத்தா, நான் தடுக்கலை.

ஆத்தங்குடிக்காரன் | நவம்பர் 15, இரவு 8.15

வளவுல தோரணம்னு சொன்னதும் பதறிப்போய் எழுதுறேன். நான் பழைய வீடுகளைப் பராமரிக்கிற வேலையில இருக்கேன்.

சுவத்துல ரெட்டைப்பக்க டேப் ஒட்டவே ஒட்டாதீங்க. நம்ம வீட்டுச் சுவர்ப்பூச்சு சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் போட்டு, அடுக்கடுக்காப் பூசி, கல்லால தேச்சு ஏத்தின பளபளப்பு. டேப்பைப் பிடுங்குறப்ப அந்தத் தோலும் சேந்து வரும். அதைத் திருப்பி அதே மாதிரி பூச இன்னைக்குக் கைகள் குறைவு. தேக்குத் தூண்லயும் ஆணி, குண்டூசி வேண்டாம். தூணுக்குத் தூண் பருத்திக் கயிறு கட்டி அதுல தொங்க விடுங்க. விட்டத்துல ஊஞ்சல் கொக்கி இருக்கும், அதைப் பயன்படுத்திக்கங்க.

வளவு மேல திறந்த இடம். காத்து சுழட்டும், தை மாசப் பனி இறங்கும். மெல்லிய தாள் காலையில துவண்டு தொங்கும். 120 ஜி.எஸ்.எம்.க்கு மேல போடுங்க. குத்துவிளக்குக்கும் ஓமத்துக்கும் மேல எதுவும் தொங்கக் கூடாது, பக்கத்துலயும் கையெட்டும் தூரத்துல வேண்டாம்.

புதுச் சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்கன்னு சொன்னீங்க. மஞ்சள்தூள்ல சாயம் ஏத்தின காகிதம் அந்தச் சுவர்ல ஈரத்தோட பட்டா செவந்துடும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா குங்குமம்தானே. ஒரு வீட்டுல நடுராத்திரி தோரணம் கட்டிட்டு, விடிஞ்சு பாத்தா ஓரமெல்லாம் செவப்பு. கல்யாண வீட்டுக்காரங்க கலங்கிப் போனாங்க. காரணத்தை விளக்கிச் சொல்லித் தேத்தினேன்.

அச்சுக்கூடம் (சிவகாசி) | நவம்பர் 16, காலை 9.00

பத்திரிகை பத்தி யாரும் சொல்லலையே. கையால் செய்த காகிதத்துல அச்சடிக்கணும்னு விரும்புனா இதைத் தெரிஞ்சுக்கங்க.

அது பெரும்பாலும் பருத்தித் துணிக் கழிவுல செய்யுறது. பனியன் கம்பெனிகள்ல வெட்டி விழுற துண்டுத்துணியை அரைச்சுக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்துல ஒவ்வொரு தாளா அள்ளி, துணியில கவுத்து, அழுத்தி, காய வைப்பாங்க. நாலு ஓரமும் பிசிறு பிசிறா இருக்கிறது சட்டத்தோட அடையாளம், அதை வெட்டிடாதீங்க. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் காகிதத் தொழிற்கூடம் 1959லேருந்து இதைச் செய்யுது. பருத்தி நார்ல மரக்கூழ்ல இருக்கிற லிக்னின் கிடையாது, அதனாலதான் சீக்கிரம் பழுப்பேறாது.

ஆனா தாளுக்குத் தாள் கனம் மாறும், அளவும் நூல் கணக்குல மாறும். ரெண்டு வண்ணம் அச்சடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காராது. ஒரே வண்ணம், ஸ்கிரீன் பிரிண்டிங், அரக்குச் செவப்பு. அவ்வளவுதான். லேசர் பிரிண்டர்ல போட்டா மேடுபள்ளத்துல தூள் பிடிக்காது, மடிக்கிற இடத்துல உதிரும். இங்க்ஜெட் தண்ணி பட்டா ஓடும். பத்துக்கு ஒண்ணு கூடுதலா வாங்கி வைங்க.

பத்திரிகை மூலையில மஞ்சள் தடவுறது மங்கலம், கட்டாயம் தடவுங்க. வெளிச்சத்துல வச்சா மஞ்சள் வெளுத்துடும், பெட்டிக்குள்ள வச்சா வருஷக்கணக்கா நிக்கும்.

வளவுக்கோலம் (பள்ளத்தூர்) | நவம்பர் 17, இரவு 11.10

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. ஆச்சி சொன்ன மாதிரி நேத்து ராத்திரி எல்லாரும் உக்காந்து கடுதாசிகளைப் படிச்சோம். 1938ல ஐயாவோட அப்பச்சி (அப்பா) ரங்கூன்லேருந்து எழுதினது ஒண்ணு. முதல் ரெண்டு பக்கம் கணக்கு. கடைசியில, "வடக்குப் பக்கத்து முருங்கை காய்ச்சிருச்சா"ன்னு கேட்டிருக்கார். அத்தை மகன் அதைப் படிச்சுட்டு, கத்தரிக்கோலை எடுத்து உள்ள வச்சுட்டான். ஸ்கேன் வேலையை நானே பாக்குறேன்னு பொறுப்பு எடுத்துக்கிட்டான்.

முடிவு பண்ணினது: பத்திரிகை பருத்திக் காகிதம், ஒரே செவப்பு. சீர்சாமான் அட்டை மட்டும் குயிலிங். மொய் கவரும் தோரணமும் கணக்குப் பக்கத்து அச்சுல. தாம்பூலத்துக்குப் பை செய்யலை, மஞ்சப்பை வாங்கிட்டோம்.

ஆனா ஞாபகப் பொருள் மட்டும் தீரலை. விதைக் காகிதத்துல (கூழ்ல விதை கலந்து செய்யுற தாள்) அட்டை கொடுக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு. யாராவது செஞ்சிருக்கீங்களா?

காகித டீச்சர் (கோட்டையூர்) | நவம்பர் 18, காலை 7.30

செஞ்சிருக்கேன். துளசி, முளைக்கீரை மாதிரி சின்ன விதைதான் சரி, பெரிய விதை அழுத்துறப்ப நசுங்கும். நான் ஐப்பசி மழையில செஞ்சு, முழுசாக் காயுறதுக்குள்ள பாலித்தீன் உறையில போட்டுட்டேன். பாதி பூசணம் பிடிச்சுது. நல்ல வெயில் காலத்துல செஞ்சு, காத்தோட்டமா வச்சு, ரெண்டு மூணு மாசத்துக்குள்ள கொடுத்துடணும். கார்த்திகை மழையில வேண்டாம்.

தையல்கட்டு (காரைக்குடி) | நவம்பர் 18, இரவு 9.20

மூணு நாளா இதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. வர்றவங்களுக்கு என்ன கொடுக்கலாம்னே பேசுறோம். அந்தத் தகரப் பெட்டியில எது உங்களை உக்கார வச்சுது? யாரோ கைப்பட எழுதினது. அப்ப, வர்றவங்களை எழுத வைங்க. பேரேடு ஒண்ணு போடுவோம், கல்யாணப் பேரேடு. நானே கட்டித் தர்றேன், உங்க கையும் அதுல இருக்கணும்.

பருத்திக் காகிதம் 22க்கு 30 அங்குலத் தாள் 10 வாங்குங்க. ஒவ்வொண்ணையும் நாலாக் கிழிங்க. கத்தியால வெட்ட வேண்டாம், மடிச்சு, மடிப்பைத் தண்ணி தொட்ட துணியால தடவிக் கிழிச்சா ஓரம் பிசிறோட அழகா வரும். 40 துண்டு கிடைக்கும். ஒவ்வொண்ணையும் பாதியா மடிச்சா 80 இலை, 160 பக்கம். அஞ்சஞ்சு துண்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகினா 8 பாரம்.

இப்ப முக்கியமான இடம். கட்டின புத்தகத்தை மேசையில வச்சா ஒருத்தர் எழுத ஐம்பது பேர் வரிசையில நிப்பாங்க, யாரும் எழுத மாட்டாங்க. அதனால கல்யாணத்துக்கு முன்னால கட்டாதீங்க. எட்டுப் பாரத்தையும் தனித்தனியா எட்டு இடத்துல வைங்க. முகப்புல ஒண்ணு, பட்டாலையில ரெண்டு, வளவுல ரெண்டு, பெண்கள் உக்காருற ரெண்டாங்கட்டுல ஒண்ணு. மிச்ச ரெண்டையும் நடக்க முடியாத பெரியவங்ககிட்ட மடியில வச்சுக் கொடுங்க. பந்திக்குப் போற வழியில வைங்க, திரும்புற வழியில வைக்காதீங்க. கை ஈரமும் நெய்யும் தாள்ல ஏறுனா போகாது.

எழுத ஜெல் பேனா வேண்டாம், பல ஜெல் மை தண்ணி பட்டா கலையும். பிக்மென்ட் மைப் பேனா வைங்க, கூடவே பென்சிலும் வைங்க. பென்சில் எழுத்து வெளுக்கவே வெளுக்காது. தாள் வாங்குறப்ப ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. உடனே உறிஞ்சுனா பசையேத்தாத தாள், எழுத்து பரவும். முத்தா நின்னா நல்ல தாள்.

கல்யாணம் முடிஞ்சு எட்டையும் எங்கிட்டக் கொண்டாங்க. மெழுகு தேச்ச நூல்ல தைச்சு, செவப்புத் துணி அட்டை போடுவோம். அட்டைக்கு மைதாப் பசையில மயில்துத்தம் கொஞ்சம் போடுவோம், பூச்சி அண்டாது. எழுதின தாள்ல துத்தம் படாமப் பாத்துக்குவேன்.

கண்டாங்கி (தேவகோட்டை) | நவம்பர் 18, இரவு 10.05

இதுதான் வேணும். முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி போட்டு, உங்க ஆயாவை எழுதச் சொல்லு. எழுதத் தயங்குனா, "உங்க கல்யாணத்துல என்னென்ன சாமான் பரப்புனாங்க"ன்னு கேளு. அப்புறம் நிறுத்த மாட்டாங்க. "வாழ்த்து எழுதுங்க"ன்னு எங்கேயும் அட்டை வைக்காதே ஆத்தா, எல்லாரும் "பதினாறும் பெற்று"ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. கேள்வி வை. "பொண்ணு சின்னதுல என்ன சேட்டை பண்ணுச்சு", "இந்த வீட்டுல நீங்க எங்க படுத்துத் தூங்குனீங்க", இப்படி.

கடல்தாண்டி (சிங்கப்பூர்) | நவம்பர் 19, காலை 6.45

கண்டாங்கி ஆச்சிக்கு. இரண்டு நாளாக நீங்கள் எழுதியதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் புத்தகத்தில் முப்பது தாள்கள் வெட்டாமல் இருக்கின்றன. நேற்று எடுத்து வாசித்தேன். 'சமையலாள் சம்பளம்' என்று ஒரு பற்று வரி. பெயரோடு எழுதியிருக்கிறார்கள். வெட்டிய தாள்களில் எத்தனை பேருடைய பெயர் இருந்ததோ. மிச்சத்தைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பப் போகிறேன். கூம்பு வாங்கிப் போனவர்களிடமும் தாள் இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதுவரை நான்கு வந்திருக்கின்றன.

கண்டாங்கி (தேவகோட்டை) | நவம்பர் 19, காலை 8.00

நாலு வந்துச்சுல்ல தம்பி, இன்னும் வரும். மனசை விடாதீங்க.

வளவுக்கோலம் (பள்ளத்தூர்) | பிப்ரவரி 9, இரவு 10.30

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. உடனே எழுத முடியலை, மன்னிச்சுக்கங்க.

மொய் கவர் 600 போட்டோம், 40 மிச்சம். தோரணத்தைக் கயித்துலதான் கட்டினோம், ஒரு டேப் கூட ஒட்டலை. முதல் நாள் பனியில கொஞ்சம் துவண்டுச்சு, வெயில் ஏற நிமிர்ந்துடுச்சு. சீர்சாமான் அட்டை அறுபதுன்னு சொன்னீங்க டீச்சர், 74 ஆயிடுச்சு. வேவுக் கடகாம்ங்கிற சீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்துல வச்ச அட்டையை மாப்பிள்ளை வீட்டு ஆச்சி ஒருத்தங்க கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. தேன்குழலும் மணகோலமும் வச்ச காகிதப் பெட்டியில மட்டும் பிழை பண்ணிட்டோம். உள்ள பட்டர் பேப்பர் போட மறந்த அம்பது பெட்டியில எண்ணெய் ஊறி வெளிய தெரிஞ்சுது.

பேரேடு பத்திச் சொல்லணும். 160 பக்கத்துல 131 நிரம்பியிருக்கு. முகப்புல வச்ச பாரத்துல ஆம்பளைங்க ரெண்டு ரெண்டு வரிதான் எழுதினாங்க. ரெண்டாங்கட்டுல வச்சது 20 பக்கமும் தீந்து, வேற பாரம் கொண்டு போய் வச்சோம். ஆச்சி சொன்ன கேள்விகளை அங்கதான் வச்சிருந்தோம். எங்க வீட்டுல முப்பது வருஷம் சமைச்ச அம்மா, எழுதத் தெரியாதுன்னு சொன்னாங்க. தங்கச்சியே பக்கத்துல உக்காந்து அவங்க சொல்லச் சொல்ல எழுதினா. கடைசியில அவங்க பெருவிரல்ல மை தொட்டு வச்சாங்க. அந்தப் பக்கத்தைத் தங்கச்சி யார்கிட்டயும் கொடுக்க மாட்டேங்குறா.

ஆயாவுக்கு (பாட்டி) 85 வயசு. பேனாவைக் கையில கொடுத்ததும், "எனக்கு என்ன எழுத வரும்"னாங்க. 1957ல அவங்க கல்யாணத்துல என்ன பரப்புனாங்கன்னு கேட்டேன். மூணு பக்கம். வெள்ளி எத்தனை, பித்தளை எத்தனை, கொட்டான் (ஓலைக்கூடை) எத்தனை ஜோடி. எண்ணையெல்லாம் பழைய தமிழ் எண்ல எழுதியிருக்காங்க. அவங்களுக்கு அது தெரியும்னு எங்க யாருக்குமே தெரியாது. மூணாவது பக்கத்துக் கடைசியில, "இதில் எனக்குப் பிடித்தது சின்ன மரப்பாச்சி. அது பாகத்தில் எனக்கு வரவில்லை"ன்னு எழுதியிருக்காங்க. அம்மா அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசலை. மறுநாள் பெரிய மாமா வீட்டுக்குப் போய்க் கேட்டாங்க. பொம்மை இருந்துச்சு. இப்ப ஆயா தலைமாட்டுல இருக்கு.

கண்டாங்கி (தேவகோட்டை) | பிப்ரவரி 9, இரவு 11.00

என் ஆத்தா, நல்லா இருப்பே. அந்தச் சமையல் அம்மா பேரை முழுசா எழுதியிருக்கீங்கல்ல?

வளவுக்கோலம் (பள்ளத்தூர்) | பிப்ரவரி 9, இரவு 11.04

எழுதியிருக்கோம் ஆச்சி. அவங்க ஊரு, அவங்க அம்மா பேரு வரைக்கும்.

தையல்கட்டு (காரைக்குடி) | பிப்ரவரி 10, காலை 8.40

எட்டுப் பாரமும் வந்து சேந்துச்சு தங்கச்சி. நேத்தே தைக்க உக்காந்தேன், படிக்கத் தொடங்கி நேரம் போயிடுச்சு. மாசி பிறக்கிறதுக்குள்ள முடிச்சுடுறேன். நிரம்பாத 29 பக்கத்தை எடுத்துடாதேன்னு சொல்லியிருந்தீங்க, அப்படியே விட்டுக் கட்டுறேன்.

எப்படி வைக்கிறதுன்னும் சொல்லிடுறேன். பாலித்தீன்ல சுத்தாதீங்க, துவைச்ச பருத்தித் துணியில சுத்திப் பெட்டகத்துல வைங்க. வசம்பைத் துணியில முடிஞ்சு பெட்டகத்து மூலையில போடுங்க, காகிதத்து மேல படக் கூடாது, கறை ஏறும். வருஷம் ஒருக்கப் பங்குனியில வெளிய எடுத்து, நிழல்ல ஒரு பொழுது காத்தாட விரிச்சு வைங்க. நேர் வெயில் வேண்டாம்.

வளவுக்கோலம் (பள்ளத்தூர்) | பிப்ரவரி 10, இரவு 9.15

சரிண்ணே. பங்குனி கடைசி ஞாயிறு எல்லாரும் பள்ளத்தூர் வர்றோம்னு பேசியிருக்கோம். ஆயாவும் வர்றாங்க. பூட்டுத் துருப்பிடிச்ச ரெண்டாவது தகரப் பெட்டியை அன்னைக்குத்தான் திறக்கப் போறோம். ஸ்கேன் எடுக்கறதுக்கு அத்தை மகன் இப்பவே லீவு சொல்லிட்டான்.